முதுகுக் கட்டு

கங்காணி கிருபாகரன் உப்பு இழுக்கும் பலகையைத் தலைக்கு மேலே ஓங்கி இறக்கியபோது, பெருமாளின் தாடை உடைந்த சத்தம் நாலு பாத்தி தள்ளி நின்ற தவசுக்கனிக்குக் கேட்டது. காய்ந்த பனைமட்டை முறிகிற மாதிரி இருந்தது. பெருமாள் அவள் புருஷன், பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவன். அடிபட்டும் அவன் விழவில்லை. ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் காலிக் கஞ்சிப் பானையை நீட்டியபடியே நின்றான். வாயிலிருந்து வழிந்த ரத்தம் வெள்ளை உப்பில் சொட்டிச் சொட்டிக் குழி போட்டது.

"வெயில்தான் அடிக்குல்லா? அதை நக்கிக் குடில!" என்று கத்தினான் கங்காணி. "முதுகுல அடுப்பையே கட்டி விட்டிருக்கு கம்பெனி. அதுக்கு மேல ஒனக்குக் கஞ்சி, கடிச்சிக்கிட வெங்காயம். இது என்ன மாமியா வீடால?"

அடுத்த அடி முழங்காலில் விழுந்தது. பானை உடைந்தது, ஆளும் உடைந்தான். தடுக்க ஓடிவந்த நாலு பேரையும் கங்காணியின் அடியாட்கள் கம்பியால் சாத்திச் சாய்த்தார்கள்.

"அஞ்சையும் பழைய குடோன்ல போட்டுப் பூட்டு. ரெண்டு நாள் இருட்டுல வயிறு காஞ்சா எல்லாம் வழிக்கு வரும்."

தவசுக்கனி ஓடிப்போய்க் கங்காணியின் காலைப் பிடித்தாள். "அண்ணாச்சி, அண்ணாச்சி, அவுகளுக்கு வெயில் வேணும் அண்ணாச்சி, இருட்டுல போடாதீக!" அவன் குனிந்து பார்த்தான். பிறகு பூட்ஸ் காலைத் தூக்கி அவள் வலது கை மேல் வைத்து அழுத்தினான். இரண்டு விரல் முறிந்தது.

அந்த முதுகுச் சங்கதியைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். சொல்லிவிடுகிறேன்.

மழை பொய்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அரிசி பொன் மாதிரி, வசதியான ஆளைப் பார்த்துத்தான் வந்தது. தருவைத்திட்டு உப்பளத்தில் வேலை செய்தவர்கள் பாத்தியிலேயே மயங்கி விழுந்தார்கள். அப்போதுதான் கம்பெனி, கண்ணாடிப் பெட்டிகளில் பச்சைக் கூழ் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியது. கூடவே ஜெபராணி என்று ஒரு டாக்டரம்மா. அவள் உப்பளக் கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்து, உள்ளங்கையில் எதையோ வைத்து நீட்டினாள்.

"இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்."

"கல்பாசி. கறிக்குழம்புல போடுவோம்," என்றாள் மாடத்தி. தவசுக்கனிக்குப் பக்கத்து வீட்டுக்காரி அவள், வாய் சும்மா இருக்காது.

"இது ஒரு செடின்னு நினைக்கிறீங்களா?"

"பின்ன என்ன, கருவாடா?"

கொட்டகை சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தாள்.

"இது ஒரு ஆள் இல்லம்மா, ரெண்டு ஆள். பூஞ்சைன்னு ஒருத்தன், பாசின்னு ஒருத்தி. பூஞ்சைக்குச் சமைக்கத் தெரியாது. ஊசிப்போன சோத்துல பூக்குமே, மட்கின கட்டையில காளானா நிக்குமே, அந்த வகை. ஒட்டின இடத்துல இருக்கிறதைத் தின்னுதான் பிழைக்கும். பாசிக்குச் சமைக்கத் தெரியும். வெயில், தண்ணி, நாம வெளியே விடுற காத்து, இது மூணும் போதும், தானே சர்க்கரை காய்ச்சிரும். ஆனா ஈரம் இல்லாத இடத்துல அதால நிக்க முடியாது. அதனால பூஞ்சை வீடு கட்டி ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். பாசி உள்ளே உக்காந்து சமைக்கும். ரெண்டும் சேர்ந்தா மொட்டைப் பாறையில கூடக் குடும்பம் நடத்தும்."

"பொம்பளை ஆக்கணும், ஆம்பளை திங்கணும். எங்க வீட்டை வந்து பாத்துட்டுப் போனீகளோ?" என்றாள் மாடத்தி.

"பாறைக்குப் பதிலா உங்க முதுகு, அவ்வளவுதான். பூஞ்சை தோலுக்கு அடியில வேர் மாதிரி இழை விட்டுப் பிடிச்சுக்கும். பாசி மேல இருக்கும். அதுங்க சாப்பிட்டது போக மிச்சச் சர்க்கரை உங்க ரத்தத்துல இறங்கும். பாதி வயிறு வெயில்லயே நிறையும்."

தவசுக்கனி ஒரு கேள்வி கேட்டாள். "வெயிலே இல்லாட்டி?"

டாக்டரம்மா, ஓரமாக நின்றிருந்த கம்பெனி ஆளை ஒரு தரம் பார்த்தாள். "மழை நாள்ல கொஞ்சம் பசிக்கும். வேற ஒண்ணும் இல்ல," என்றாள்.

கம்பெனிக் கூழ் உப்பளத்துச் சூட்டில் பத்து முதுகுக்கு ஒரு முதுகில்தான் பிடித்தது. மற்றவர்களுக்குக் காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. முதலில் பிடித்த முதுகு பெருமாளுடையது. இடது தோளுக்குக் கீழே, வெற்றிலை அளவுக்கு, ஓரம் சுருண்ட ஒரு பச்சை. அதைப் பார்த்துத்தான் தவசுக்கனிக்கு யோசனை வந்தது. பாலைத் தயிராக்க உறைமோர் விடுகிறோம் இல்லையா? பிடித்த முதுகோடு பிடிக்காத முதுகை ஒட்டவைத்தால் என்ன?

நனைத்த சேலைக் கிழிசலால் தன் முதுகையும் அவன் முதுகையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். உச்சி வெயிலில் ஒரு பொழுது முழுக்க இரண்டு பேரும் பாத்தி வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் கேலி. "என்ன மைனி, சண்டையா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கீக?" பெருமாள் குலுங்கிச் சிரித்தது அவள் முதுகெலும்பில் அதிர்ந்தது. முகத்தைப் பார்க்காமல் அவன் அன்றைக்குப் பேசிய பேச்சையெல்லாம், முகத்தைப் பார்த்து அவன் பேசியதே இல்லை. எட்டாம் நாள் அவள் முதுகிலும் பச்சை துளிர்த்தது.

அப்புறம் அவள்தான் அந்த உப்பளத்துக் கட்டுக்காரி. இருநூறு முதுகுக்கு மேல் கட்டியிருப்பாள். பெண்கள் முதுகு வெட்டிய ஜாக்கெட்டுக்குப் பழகினார்கள். பச்சை முதுகுக்காரி என்று வெளியூரில் பெண் எடுக்க மறுத்தார்கள். இருந்தாலும் பிள்ளைகள் மயங்கி விழவில்லை. அதனால் யாரும் முணுமுணுக்கவில்லை.

கடைசி முதுகும் பச்சையான மறு மாசம், கம்பெனி மத்தியானக் கஞ்சியை நிறுத்தியது. வெயில்தான் இருக்கிறதே.

பெருமாள் பானையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றது அதற்காகத்தான்.

இரண்டு நாளும் குடோன் வாசலில் அரிவாளோடு ஆள் நின்றது. முதல் நாள் உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது. இரண்டாம் நாள் பிறாண்டுகிற சத்தம். மூன்றாம் நாள் காலையில் ஒரு சத்தமும் இல்லை என்றதும், ஆண்களும் பெண்களுமாக எழுபது பேர் கடப்பாரையோடு போனார்கள். காவல் நின்றவர்களில் ஒருவன் மண்டை பிளந்து விழுந்தான், மற்றவன் ஓடிவிட்டான். கதவு பெயர்ந்தது.

முதலில் வந்தது வாடைதான். நனைந்து புழுங்கிய வைக்கோல் வாடை. பிறகு கண் பழகியது.

கொஞ்சம் மனசைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் செத்திருந்தார்கள். முதுகில் பச்சை இல்லை. அழுகிய வாழையிலை மாதிரி பழுப்பாகத் தொங்கியது. அதிலிருந்து வெள்ளை வெள்ளையாக இழைகள் கிளம்பி, விலாவைச் சுற்றி, வயிற்றில் ஏறி, கழுத்து வழியாக வாய்க்குள் போயிருந்தன. விரல் நகமெல்லாம் கதவில் பதிந்து கிடந்தது. உயிரோடு இருந்த மூன்று பேரில் ஒருவன் பெருமாள். உடைந்த தாடை பானை மாதிரி வீங்கியிருந்தது. முதுகுத் தோல், தொட்டால் கூழாக வந்தது. ஆனால் அங்கங்கே, குறிப்பாக இடது தோளுக்குக் கீழே, பச்சை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளை அடையாளம் கண்டுகொண்டான். அவள் முறிந்த விரல்களைத் தன் விரலால் மெள்ளத் தட்டினான்.

"வெள்ளையா பூத்திருக்கே யக்கா! பூஞ்சைல்லா இது!" என்று அலறினாள் மாடத்தி. செத்த இருவரில் ஒருவன் அவள் புருஷன். "கசப்புத் தண்ணி கொண்டாங்க! ஓடுங்க!"

உப்பு விளைந்தபின் பாத்தியில் மிஞ்சி நிற்கும் கசப்புத் தண்ணீர்தான் உப்பளத்துக்காரர்களின் ஆஸ்பத்திரி. சிப்பி கிழித்தாலும் அதுதான், கால் வெடித்துச் சீழ் வைத்தாலும் அதுதான். எரியும், ஆனால் ஆறிவிடும். உப்பில் ஊறிய கருவாட்டில் பூஞ்சை பூத்து யார் பார்த்திருக்கிறார்கள்? பாசிக்கு ஒன்றும் ஆகாதா என்று யாரோ ஒருத்தி கேட்கத்தான் செய்தாள். "பாத்தியில தண்ணி ரத்தமா செவக்குதே, அதுவும் பாசிதானே! அது உப்பைக் குடிச்சுத்தானே வளருது!" என்று பத்துப் பேர் பதில் சொன்னார்கள். உப்பைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததா?

பெருமாளுக்கு ஊற்றியது தவசுக்கனி. யார் கையிலும் குடத்தைக் கொடுக்கவில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க, எரியும், ஆறிரும், ஆறிரும்," என்று சொல்லிச் சொல்லி ஊற்றினாள். அவன் வில்லாக வளைந்தான். உடைந்த தாடையோடு ஒரு மனிதன் அப்படிக் கத்த முடியும் என்று அவளுக்குத் தெரியாது. மேலே படர்ந்திருந்த வெள்ளை சுருண்டு கரைந்து ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மத்தியானத்துக்குள் மூன்று பேரும் செத்தார்கள். வெள்ளை இழை இந்தத் தரம் வெளியிலிருந்து உள்ளே போகவில்லை. உள்ளேயிருந்து கண் வழியாகவும் மூக்கு வழியாகவும் வெளியே வந்தது. பெருமாள் அவள் மடியில் கிடந்து இரண்டு மணி நேரம் துடித்தான். தன்னைக் குத்திவிடச் சொல்லி, பக்கத்தில் கிடந்த கடப்பாரையைக் கண்ணால் காட்டினான். அவளால் முடியவில்லை.

டாக்டரம்மா டவுனிலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குனிந்து முதுகைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"யார் உப்புத் தண்ணி ஊத்துனது?"

"நான்தான்," என்றாள் தவசுக்கனி.

"பாத்தியில செவக்கிற பாசி உப்புலயே பிறந்தது தவசு. இது நல்ல தண்ணிப் பாசி. உப்பு பட்டதும் உள்ளே இருக்கிற ஈரம் எல்லாம் இழுபட்டு, சுருங்கிச் செத்துரும். பூஞ்சை தோலுக்குக் கீழே பத்திரமா இருக்கு, அதுக்கு என்ன? மேலே இருந்த நுனிதான் கரைஞ்சது. இருட்டுல பாசி சமைக்க முடியாம பாதி செத்துச்சு. மீதியை…" அவள் நிறுத்திக்கொண்டாள். "சமைக்கிறவ போனதும் பசிச்சவன் வீட்டையே தின்னுட்டான்."

"அப்ப நான் என்ன செஞ்சிருக்கணும்?"

"சொல்ல வேண்டாம். விடு."

"சொல்லு."

"உயிரோட பச்சை இருக்கிற ஒரு முதுகைச் சேர்த்துக் கட்டி, வெயில்ல உக்கார வச்சிருந்தா புதுப் பாசி இறங்கியிருக்கும். பிழைச்சிருப்பாங்க. நீ தினம் செய்யுற அதே வேலைதான்."

தவசுக்கனி பெருமாளின் தலையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு கேட்டாள். "வெயிலே இல்லாட்டின்னு அன்னைக்கு நான் கேட்டேம்லா. இது தெரிஞ்சுதான் பசிக்கும்னு மட்டும் சொன்னியா?"

டாக்டரம்மா தலை குனிந்தாள். தவசுக்கனி காலிக் குடத்தைத் தூக்கி அவள் முகத்தில் அடித்தாள். இரண்டாவது தரமும் அடித்தாள். டாக்டரம்மா கையைக்கூட உயர்த்தவில்லை.

அதற்குப் பிறகு தருவைத்திட்டில் நடந்ததற்கு ஒழுங்கு கிடையாது. ஆபீஸ் எரிந்தது. இரண்டு லாரி எரிந்தது. மூன்றாவது லாரிக்கு அடியில் ஒளிந்திருந்த கிருபாகரனைப் பெண்கள் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். சட்டையைக் கிழித்துவிட்டு, அவன் ஓங்கிய அதே பலகையின் விளிம்பால் முதுகைச் சுரண்டினார்கள், உப்பு அம்பாரத்தைச் சுரண்டுகிற மாதிரி. மாடத்தி சிப்பியால் கோடு போட்டாள். அவன் "யம்மா, யம்மா" என்று கத்தியது கடலோரம் வரை கேட்டிருக்கும்.

"கொன்னுரலாம்," என்றார்கள்.

"வேண்டாம். அவுகளோட கட்டுங்க," என்றாள் தவசுக்கனி.

செத்துக் கிடந்த பெருமாளின் முதுகோடு அவன் முதுகை வைத்து, நனைந்த சேலைக் கிழிசலால் அவளே கட்டினாள். இருநூறு தரம் போட்ட முடிச்சு. இரண்டு விரல் முறிந்திருந்தும் தப்பவில்லை. பாத்தி நடுவில், கொளுத்துகிற வெயிலில் உட்கார வைத்தாள். அவன் எதிரே குந்திக்கொண்டு கேட்டாள்.

"வெயில் எப்படி இருக்கு அண்ணாச்சி? நக்கிக் குடிங்க."

நாலு மணிக்குப் போலீஸ் வந்தது. சுட்டார்கள். இரண்டு பேர் பாத்தியிலேயே விழுந்தார்கள், தாலி அறுத்த ஐந்து பேரை மட்டும் விட்டுவிட்டு நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். கங்காணியை அவிழ்த்தபோது அவனும் பிணமும் ரத்தத்தில் ஒட்டிப்போயிருந்தார்கள். குடோனில் செத்த ஐந்து பேருக்கும் விஷக் காய்ச்சல் என்று எழுதினார்கள். மறுநாள் கம்பெனி தன் கண்ணாடிப் பெட்டிகளையும், முகத்தில் கட்டுப் போட்ட டாக்டரம்மாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டே போனது.

பெருமாளுக்குப் பதினாறாம் நாள் காரியம். கொட்டகையில் ஐந்து தாலி அறுத்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவனை முதலில் யாருக்கும் தெரியவில்லை. பாதியாக மெலிந்திருந்தான், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

கிருபாகரன் மண்ணில் மண்டியிட்டான். "ஆஸ்பத்திரியில ரெண்டு தரம் உரிச்சுப் பாத்துட்டாங்க. திரும்பத் திரும்ப வருது. வீட்ல எம் பொண்டாட்டியே வாசல்ல பாய் போட்டுட்டா," என்றான். "தவசுக்கனி, கசப்புத் தண்ணி ஊத்து தாயி. ஊத்துனா வெள்ளை கரையுதாமே. நானும் உப்புல பிறந்தவன்தான், அதுக்குப் பெறவு அவங்க செத்தது விஷக் காய்ச்சலாலதான்னு எழுதியிருக்கு. எனக்குக் கை எட்டலை. ஊத்து."

சட்டையை உரித்துக் காட்டினான். சிப்பி போட்ட கோடெல்லாம் வெள்ளை இழை. அது விலாவைத் தாண்டி முன்பக்கம் வர ஆரம்பித்திருந்தது.

மாடத்தி எழுந்து போனாள். திரும்பி வந்தபோது இடுப்பில் குடம். "இந்தா யக்கா. அவனேதான் கேக்கான். கேட்டதைக் குடு. யாரும் நம்மளைக் குத்தம் சொல்ல முடியாது."

தவசுக்கனி குடத்தை வாங்கினாள். ஊற்றினால் எரியும். ஒரு நாளோ இரண்டு நாளோ, கண் வழியாக வெளியே வரும். அவள் மடியில் கிடந்து பெருமாள் துடித்ததை இவனும் துடிப்பான். அவள் உடம்பெல்லாம் அதைத்தான் கேட்டது. குடத்தைச் சாய்க்கப் போனவள், அந்த வெள்ளையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

அது எங்கேயிருந்து வந்தது? அவள் கட்டிய கட்டில் வந்தது. பெருமாளின் முதுகிலிருந்து வந்தது. அவனை எரித்தாகிவிட்டது, சாம்பலைக் கடலில் விட்டாகிவிட்டது. கடைசி நாள் அவன் உடம்பில் இருந்ததில் உலகத்தில் உயிரோடு மிச்சம் இருப்பது இந்த இழை ஒன்றுதான். பசித்துக் கிடக்கிறது. அவன் கடைசியாகப் பானையை நீட்டிக்கொண்டு நின்ற மாதிரி.

அவள் குடத்தை மண்ணில் கவிழ்த்தாள்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணுத?" மாடத்தி பாய்ந்தாள். குடத்தைப் பிடுங்கித் தவசுக்கனியின் தலையில் போட்டாள். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. "எம் புருஷனைத் தின்னவனுக்கு வைத்தியமா? ஒன் புருஷனைத் தின்னவனுக்கு?"

"வைத்தியம் இவனுக்கில்ல," என்றாள் தவசுக்கனி. "நீ வேணும்னா என்னையும் சேத்துக் கொல்லு. கட்டி முடிச்ச பெறவு கொல்லு."

சேலைத் தலைப்பைக் கிழித்து நனைத்தாள். கிருபாகரனின் முதுகோடு தன் முதுகை வைத்து உட்கார்ந்து, இறுக்கிக் கட்டினாள். பொழுது சாயும்வரை வெயிலில் இருந்தாள். அவன் அழுதபோது அந்தக் குலுக்கல் அவள் முதுகெலும்பில் அதிர்ந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். எட்டு நாள் தினமும் இதே கட்டு. மாடத்தி எட்டு நாளும் எதிரே நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

ஒன்பதாம் நாள் காலை, வெயில் ஏறும் நேரம். வெள்ளை பின்வாங்கியிருந்தது. கிருபாகரன் உப்பு வரப்பில், சட்டையில்லாமல், கிழக்கே முதுகைக் காட்டி நின்றான்.

"நான் பிழைச்சிட்டேனா?" என்று கேட்டான்.

"பிழைச்சிட்டீக. ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்கிடுங்க. இனிமே ஒரு பகல்கூட கூரைக்குக் கீழ இருக்க முடியாது. ஆபீஸ் கிடையாது, மின்விசிறி கிடையாது. வெயில்ல நிக்கணும். ரெண்டு நாள் இருட்டுல கெடந்தா என்ன ஆகும்னு நீங்களே குடோன்ல செஞ்சு பாத்திருக்கீக."

"நிக்கேன் தாயி. ஆயுசுக்கும் நிக்கேன்," என்றான். பாதி வயிறுதான் நிறைந்திருந்தது; மீதிக்கு அவன் குடல் கூவியது. "கஞ்சி ஏதும் இருக்குமா?"

மாடத்தி ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கொட்டகையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

தவசுக்கனி அவன் பின்னால் போய் நின்றாள். அந்த முதுகைப் பார்த்தாள். இழை பெருமாளுடையது. அவள் முதுகிலிருந்து இறங்கிய பச்சையும் ஒரு காலத்தில் அவன் கொடுத்ததுதான். பிரிந்துபோன இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடித்திருந்தன. இடது தோளுக்குக் கீழே, வெற்றிலை அளவுக்கு, ஓரம் சுருண்டு துளிர்த்திருந்தது பச்சை. முறிந்து கோணலாகக் கூடிய விரலால் அதை மெள்ளத் தட்டினாள்.

உப்பு அம்பாரத்தின் நிழல் கிருபாகரனின் தோளில் விழுந்துகொண்டிருந்தது.

"அவுகளுக்கு வெயில் பத்தலை," என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."